சுண்ணாம்புக்கு அஞ்சாத நீலம் எது?
(வாசகர் கேள்வி–பதில்)

வண்ணப்பொருள்கள் குறித்து வந்த கேள்விகளில் நீலத்தைப் பற்றியவற்றுக்கு மட்டும் இந்த முறை பதில்.

கேள்வி: பழைய வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். இளநீலமாக இருக்கட்டுமே என்று ஓவியப் பொருள் கடையில் பிரஷ்யன் நீலப் பொடி வாங்கிக் கலந்தோம். வாளியிலேயே நிறம் மங்கத் தொடங்கி, மறுநாள் சுவர் துருப்பிடித்தது போல ஆகிவிட்டது. பொடியில் கலப்படமா?
— வீட்டு உரிமையாளர், காரைக்குடி

பதில்: பொடி அசல்தான். அசலாக இருந்ததால்தான் இப்படி ஆயிற்று. பிரஷ்யன் நீலம் இரும்பும் சயனைடும் பின்னிக் கிடக்கும் ஒரு சேர்மம். லேசான அமிலத்தைத் தாங்கும்; காரத்தைத் தாங்காது. நீற்றிய சுண்ணாம்பின் பி.எச். அளவு 12-ஐத் தாண்டும். அதற்குள் விழுந்ததும் நீலம் உடைந்து இரும்பு ஹைட்ராக்சைடு மிஞ்சுகிறது. நீங்கள் பார்த்த துரு நிறம் அதுதான்.

உங்களுக்கு வேண்டியது அல்ட்ராமரைன். அதாவது, வெள்ளை வேட்டிக்குப் போடும் பழைய நீலப்பொடி. பாட்டிலில் வரும் சொட்டு நீலம் அல்ல. அது சாயம், வெயிலில் வெளுத்துவிடும். சுண்ணாம்பின் மஞ்சளை மறைத்து வெள்ளையைப் பளிச்சென்று காட்ட மட்டும் என்றால் கிலோ சுண்ணாம்புக்கு 3 கிராம் நீலம் போதும். கண்ணுக்கு இளநீலமாகத் தெரிய வேண்டுமானால் 30 முதல் 50 கிராம். 100 கிராமைத் தாண்டினால் சுண்ணாம்புக்குப் பிடிமானம் குறைந்து, சுவரில் சாய்ந்தவர் முதுகெல்லாம் நீலமாகும்.

பொடியை நேரே வாளியில் கொட்டாதீர்கள். கட்டி கட்டியாக மிதந்து சுவரில் கோடு இழுக்கும். முதலில் கொஞ்சம் தண்ணீரில் விழுதாகக் குழைத்து, துணியில் வடிகட்டிச் சேருங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தபின் பாதிக்கும் மேல் வெளிறிவிடும். ஆகவே ஒரு மூலையில் அடித்து, ஒரு நாள் காயவிட்டுப் பார்த்துவிட்டு அளவை முடிவுசெய்யுங்கள்.

அல்ட்ராமரைனின் பகை அமிலம். வாங்கிய பொடி அசலா என்று பார்க்க அதில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நீலம் வெளிறி, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அசல். அதே காரணத்தால், நீலம் அடித்த சுவரை அமிலம் கலந்த கழிவறைத் திரவம் கொண்டு கழுவவே கூடாது. சிமெண்டில் கலப்பது வேறு கதை. சாதாரண ரக அல்ட்ராமரைன் கான்கிரீட்டில் நாளடைவில் மங்கும். அங்கே கோபால்ட் நீலமே நிற்கும்.

சுவரோவியம் தீட்டியவர்கள் இந்தக் கணக்கை எப்போதோ அறிந்திருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் எஸ். கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டறிந்த சோழர் ஓவியங்களை வேதியியலர் எஸ். பரமசிவன் ஆராய்ந்தார். அவை ஈரச் சுண்ணாம்புக் காரையின் மேல் தீட்டப்பட்டவை என்றும், நீலம் லாபிஸ் லாசுலி என்ற நீலக் கல்லிலிருந்து வந்தது என்றும் கண்டார். அந்தக் கல்லின் நீலமும் உங்கள் வீட்டு நீலப்பொடியும் வேதியியல்படி ஒரே குடும்பம்.

கேள்வி: ஆப்கானிஸ்தான் லாபிஸ் கல் 100 கிராம் வாங்கி அரைத்தேன். கல் கருநீலம்; பொடியோ சாம்பல் நிறம். ஏமாந்துவிட்டேனா?
— ஓவிய ஆசிரியர், மதுரை

பதில்: முதலில் கல்லைச் சோதியுங்கள். நகப்பூச்சு நீக்கியில் பஞ்சைத் தோய்த்துத் தேயுங்கள். பஞ்சில் நீலம் இறங்கினால் அது சாயம் ஏற்றிய வேறு கல். இறங்காவிட்டால் கல்லின் மீது பழி இல்லை. வெறுமனே அரைத்தால் அசல் லாபிஸும் சாம்பலாகத்தான் ஆகும். கல்லில் நீலம் தருவது லாசுரைட் என்ற கனிமம் மட்டுமே. கூடவே வெள்ளைக் கால்சைட், பொன்னிறப் பைரைட், டையாப்சைட் எல்லாம் கலந்திருக்கும். கட்டியாக இருக்கும்போது நீலம் அவற்றை அமுக்கிவிடுகிறது. பொடியானதும் வெள்ளை வென்றுவிடுகிறது.

பிரித்தெடுக்கும் முறையை, 1400 வாக்கில் எழுதிய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி அளவோடு சொல்லியிருக்கிறார்: ஒரு பவுண்டு கல்பொடிக்குப் பைன் பிசின் 6 அவுன்ஸ், மாஸ்டிக் பிசின் 3 அவுன்ஸ், புது மெழுகு 3 அவுன்ஸ். உங்கள் 100 கிராமுக்கு இதை 50, 25, 25 கிராம் என்று கொள்ளலாம். மாஸ்டிக், நாட்டு மருந்துக் கடையில் ரூமி மஸ்தகி என்று கேட்டால் கிடைக்கும். விலை கொஞ்சம் உறைக்கும்.

கல்லை மூடியுள்ள உரலில் இடியுங்கள், இல்லாவிட்டால் தூசியாகவே பாதி பறந்துவிடும். முகக்கவசம் கட்டாயம். மெல்லிய சல்லடையில் சலித்து, கையில் மணல் போல உறுத்தாத அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். மாவுபோல அரைத்தால் நீலமே வெளிறிப்போகும். பிசின்களையும் மெழுகையும் சிறு தீயில் உருக்கித் துணியில் வடிகட்டி, சூடாக இருக்கும்போதே கல்பொடியைச் சேர்த்துப் பிசையுங்கள். கையில் ஆளிவிதை எண்ணெய் தடவிக்கொண்டால் ஒட்டாது. இந்த உருண்டையைக் குறைந்தது 3 பகல் 3 இரவு வைத்திருந்து, தினமும் கொஞ்சம் பிசைய வேண்டும். ஒவ்வொரு துகளையும் பிசின் சுற்றிக்கொள்ளத்தான் இந்தக் காத்திருப்பு. அவசரப்பட்டால் அடுத்த கட்டத்தில் சாம்பல் நிறமும் சேர்ந்தே வெளியேறும்.

அடுத்தது காரநீர். அக்காலத்தில் விறகுச் சாம்பலை ஊறவைத்துத் தெளியவிட்டு எடுத்தார்கள். இன்று பொட்டாசியம் கார்பனேட்டை நீர்க்கக் கரைத்துக் கொள்ளலாம். பீங்கான் கிண்ணத்தில் உருண்டையைப் போட்டு, கைபொறுக்கும் சூட்டில் காரநீர் ஊற்றி, கைக்கொரு குச்சியாக இரண்டு குச்சிகளால் அமுக்கிப் புரட்டுங்கள். லாசுரைட் துகளுக்கு நீரோடு ஒட்டும் இயல்பு அதிகம். அது பிசினை விட்டு நழுவி வரும். கால்சைட்டும் பைரைட்டும் பிசினுக்குள்ளேயே தங்கிவிடும். நீர் நன்றாக நீலமானதும் வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிட்டுப் புதுக் காரநீர் ஊற்றுங்கள். ஒவ்வொரு வடிப்பையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் செய்த வேலை வீண். முதல் இரண்டு வடிப்பு அவுன்ஸ் 8 டுகாட் (அன்றைய பொற்காசு) பெறும், கடைசி இரண்டு சாம்பலைவிட மட்டம் என்கிறார் சென்னினி. துகள் அடியில் படிந்ததும் மேல்நீரை இறுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி நிழலில் காயவிடுங்கள்.

நீர் நீலமாகவே இல்லை என்றால், பெரும்பாலும் உருண்டை இறுகிப்போயிருக்கும். காரநீரைச் சற்றுச் சூடாக்குங்கள். ஒரேயடியாகக் கொதிக்கவைத்தால் பிசின் உருகி மேலே மிதந்து எல்லாவற்றையும் பூசிவிடும். 100 கிராம் கல்லில் முதல்தரமாகச் சில கிராம் தேறினாலே நல்ல கல் என்று சொல்லலாம்.

கேள்வி: இவ்வளவு விலைமதிப்பான பொருள் துணிக்குப் போடும் பொடியாக எப்படி இறங்கியது?
— கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: உலைச் சுவரில் தற்செயலாகப் படிந்த நீலக் கறைதான் வழிகாட்டியது. 1787-இல் பலேர்மோ அருகே சுண்ணாம்புக் காளவாய்ச் சுவர்களில் நீலப் படிவைக் கோதே (ஜெர்மானியக் கவிஞரேதான்) பார்த்துக் குறித்துவைத்தார். 1814-இல் பிரான்சில் சோடா உலையிலும் அதே கறை தெரிந்தது. இந்த நீலத்தைச் செயற்கையாகச் செய்பவருக்கு பிரெஞ்சுத் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் 1824-இல் 6000 பிராங்க் பரிசு அறிவித்தது. கிலோ 300 பிராங்குக்கு மேல் ஆகக்கூடாது என்பது நிபந்தனை. 1828-இல் ழான் பாப்டிஸ்ட் கிமே அதைப் பெற்றார். ஜெர்மனியில் கிறிஸ்டியன் க்மேலின் தானே முந்தியவன் என்று சண்டைக்கு வந்தார். செய்முறையை மறைக்காமல் வெளியிட்டவர் க்மேலின்தான்; அந்த வகையில் என் ஓட்டு அவருக்கே.

வெள்ளைக் களிமண், சோடா, கந்தகம், கரி. காற்றுப் புகாமல் 750–800 டிகிரி செல்சியஸில் சுட்டால் பச்சையாக வரும். பிறகு சூட்டைக் குறைத்துக் காற்றை உள்ளே விட்டால் நீலமாகும். களிமண் கட்டுமானம் கூண்டு போல நின்று, மூன்று கந்தக அணுக்கள் சேர்ந்த அயனியை உள்ளே அடைத்து வைத்திருக்கிறது. நிறம் அந்த அயனியுடையது. அமிலம் கூண்டை உடைத்தால் கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாகக் கிளம்புகிறது. முதல் பதிலில் சொன்ன நாற்றம் அதுதான். இப்படிச் சுட்டு நீலம் செய்வதை வீட்டில் முயல வேண்டாம், கந்தக டையாக்சைடு நெஞ்சை அடைக்கும்.

கேள்வி: எங்களிடம் மின்சூளை இருக்கிறது. எகிப்திய நீலத்தைச் சூளையில் செய்ய முடியுமா?
— மண்பாண்டக் கலைஞர், மானாமதுரை

பதில்: தாராளமாக. மனிதன் கலந்து சுட்டுச் செய்த முதல் நீலமே அதுதான். ஏறத்தாழ 5000 ஆண்டுப் பழக்கம். கால்சியம் காப்பர் சிலிகேட் என்பது அதன் பெயர். நுண் சிலிக்கா 57 கிராம், சுண்ணாம்புக்கல் மாவு 24 கிராம், கறுப்புக் காப்பர் ஆக்சைடு 19 கிராம், இளக்கியாக சோடா சாம்பல் 5 கிராம். உலர்வாக நன்றாக அரைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சிறு உருண்டைகளாகப் பிடித்துக் காயவைத்து, பூச்சில்லாத மண்கிண்ணத்தில் வையுங்கள். 900 டிகிரிக்கு ஏற்றி 12 மணி நேரமாவது அதே சூட்டில் நிறுத்த வேண்டும். முதல்முறை வெளிறிய நீலமாகத்தான் வரும். அதை மறுபடி அரைத்து மறுபடி சுட்டால் ஆழம் கூடும்.

சூடு 1050-ஐத் தாண்டினால் நீலப் படிகம் சிதைந்து, கறுப்போ பச்சைக் கண்ணாடியோதான் மிஞ்சும். சோடா அதிகமானாலும் அதே பச்சைக் கண்ணாடி. காற்றோட்டம் இல்லாமல் புகைமூட்டமாகச் சுட்டால் செம்பு சிவந்துவிடும். மின்சூளை என்பதால் அந்தக் கடைசிக் கவலை உங்களுக்கு இல்லை. உரோமானியக் கட்டடக்கலை ஆசிரியர் விட்ருவியஸ் எழுதிய குறிப்பில் மணல், நேட்ரான் உப்பு, செம்புத் தூள் மூன்றும் இருக்கின்றன. சுண்ணாம்பு மட்டும் இல்லை. கடற்கரை மணலிலிருந்த சிப்பித் துகள் அந்த வேலையைச் செய்திருக்கலாம். அவர் சொன்னபடியே சுத்தமான சிலிக்காவில் செய்தால் வராது.

வந்தது எகிப்திய நீலந்தானா என்று பார்க்க ஒரு வேடிக்கையான வழி. இருட்டறையில் சிவப்பு எல்.ஈ.டி. விளக்கை அதன்மேல் காட்டி, அகச்சிவப்பு வடிகட்டி நீக்கிய கேமராவில், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் வில்லை மாட்டிப் பாருங்கள். 910 நானோமீட்டர் அளவில் அது ஒளிர்ந்து வெள்ளையாகத் தெரியும். அருங்காட்சியகங்கள் சிலைகளில் ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டு துகளைக் கண்டுபிடிப்பதும் இப்படித்தான்.

கேள்வி: இத்தாலியச் சுவரோவியப் படங்களில் சிவப்பும் மஞ்சளும் அப்படியே இருக்க, மேரியின் நீல அங்கி மட்டும் ஏன் உதிர்ந்திருக்கிறது?
— ஓவியக் கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: காவி நிறங்கள் ஈரச் சுண்ணாம்பில் தீட்டப்பட்டு, சுண்ணாம்பு இறுகும்போது அதனுள்ளேயே கல்லாகிவிடுகின்றன. அசுரைட் என்ற செம்புக் கனிம நீலத்தை ஈரச் சுண்ணாம்பில் வைக்க ஓவியர்கள் பயந்தார்கள். காரை காய்ந்தபின் பசையிலோ முட்டையிலோ குழைத்து மேலே பூசினார்கள். ஈரம் ஏறி இறங்கப் பசை பிடிவிட்டு, நீலம் செதில் செதிலாகக் கொட்டியது. பாதுவா நகர் ஸ்க்ரோவேஞ்ஜி சிற்றாலயத்தில் 1305 வாக்கில் ஜோத்தோ தீட்டியவற்றிலும் அங்கிகள் அப்படித்தான் போயிருக்கின்றன. உதிராத இடத்திலும் அசுரைட் சில சமயம் பச்சையாக மாறும்.

எண்ணெய் ஓவியத்தில் வேறொரு நோய் உண்டு. ஸ்மால்ட் எனும் கோபால்ட் கண்ணாடித் தூளிலிருந்து பொட்டாசியம் எண்ணெய்க்குள் கசிந்து போனதும், கோபால்ட்டைச் சுற்றிய அமைப்பு மாறி நீலம் சாம்பலாகிறது. ரெம்பிராண்ட் அதை ஏராளமாகப் பயன்படுத்தியவர். அவர் படங்களில் இன்று பழுப்பாகவும் சாம்பலாகவும் தெரியும் சில பகுதிகள் தொடக்கத்தில் அப்படி இருந்திருக்காது.

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வெயில் பட்டு நீல நிறத்தில் படம் பதியும் முறையை (சயனோடைப்) செய்கிறோம். கழுவும்போது படமே கரைந்து போய்விடுகிறது.
— வேதியியல் ஆசிரியை, கோவில்பட்டி

பதில்: காரத்தன்மையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இந்தப் படத்தில் இருப்பதும் பிரஷ்யன் நீலம்தான்; காரைக்குடிச் சுவரில் நடந்ததே உங்கள் தட்டிலும் நடக்கிறது. முதல் கழுவும் நீரில் லிட்டருக்கு 10 மி.லி. வினிகர் சேர்த்துப் பாருங்கள்.

முறை இது. ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் (பச்சை ரகம்) 25 கிராம் 100 மி.லி. நீரில்; பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம் வேறொரு 100 மி.லி. நீரில். தனித்தனிப் பழுப்புப் பாட்டில்களில் வைத்து, வேண்டும்போது மட்டும் சம அளவு கலக்க வேண்டும். ஏ4 தாளுக்கு 2 மி.லி. போதும். மங்கிய மஞ்சள் விளக்கில் பூசி, இருட்டில் முழுதாகக் காயவிடுங்கள். பூச்சு மஞ்சள் கலந்த பச்சையாக இருக்க வேண்டும். அப்போதே நீலமாக இருந்தால் ஒளி பட்டுவிட்டது அல்லது கரைசல் பழையது. இலையையோ படச்சுருளையோ வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, நண்பகல் வெயிலில் 10 நிமிடம். ஒளி பட்ட இடம் நீலத்தைத் தாண்டிச் சாம்பல் பூத்தாற்போல் ஆகும்வரை பொறுங்கள். பலரும் நீலம் தெரிந்தவுடன் எடுத்துவிடுகிறார்கள். கரைந்து போவதற்கு இது இன்னொரு காரணம். மஞ்சள் நீங்கும்வரை கழுவுங்கள். ஆழ்ந்த நீலம் வர ஒரு நாள் ஆகும்.

காரம் சேர்த்துத் தயாரித்த தாள் வேண்டாம். ஃபெர்ரிசயனைடில் அடர் அமிலத்தை ஊற்றவோ சூடாக்கவோ மாணவர்களை விடாதீர்கள். நச்சு வாயு வரும். வெயிலில் மங்கிய படத்தைச் சில நாள் இருட்டில் வைத்தால் பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும்.

கண்காட்சிப் பலகைக்கு: 1706 வாக்கில் பெர்லினில் டீஸ்பாக் என்பவர் சிவப்பு வண்ணம் செய்யப் போனார். கையிலிருந்த பொட்டாஷில் விலங்கு எண்ணெய் கலந்திருந்ததால் நீலம் வந்தது. 1724 வரை செய்முறை ரகசியம். 1830 வாக்கில் ஜப்பானிய ஓவியர் ஹோக்குசாய் தன் ‘பேரலை’ படத்துக்கு எடுத்தது இந்த நீலத்தைத்தான். 1842-இல் ஜான் ஹெர்ஷல் நீங்கள் செய்யும் இந்த ஒளிப்பட முறையைக் கண்டார். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை அதில் பதிந்து நூலாக்கத் தொடங்கினார்.

கேள்வி: அவுரி நீலத்தைப் பசையில் குழைத்துத் தீட்டினேன். சன்னலோரம் வைத்த படம் வெளுத்துவிட்டது. மாயர்களின் அவுரி மட்டும் எப்படி நின்றது?
— வாசகி, திண்டிவனம்

பதில்: நூலிழைக்குள் ஏறும் அவுரிக்கு இருக்கும் பாதுகாப்பு, தாளின் மேல் மெல்லிய பூச்சாகக் கிடக்கும் அவுரிக்கு இல்லை. மத்திய அமெரிக்காவின் மாயர்கள் அதை பாலிகோர்ஸ்கைட் என்ற களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கினார்கள். இந்த மண்ணில் நுண்ணிய நீளக் குழாய்கள் உண்டு. சூட்டில் அவற்றிலிருந்த நீர் வெளியேற, அவுரி மூலக்கூறு நுழைந்து வாயை அடைத்துக்கொள்கிறது. அதன்பின் நைட்ரிக் அமிலமும் அதை அசைப்பதில்லை. வெள்ளைக் களிமண்ணில் முயலாதீர்கள். அது தகடு தகடாக இருக்கும், குழாய் கிடையாது.

அட்டபுல்கைட் என்ற வணிகப் பெயரில் விற்கும் மண் 50 கிராம், நன்கு பொடித்த அவுரி 1 கிராம். இயற்கை அவுரிக் கட்டியில் சாயப் பங்கு குறைவு என்பதால் உங்களுக்கு 2 கிராம் ஆகலாம். அரைமணி நேரம் சேர்த்து அரைத்து, சமையலுக்குப் பயன்படாத அடுப்பில் 150 டிகிரியில் 4 மணி நேரம். சாம்பல்நீலம் மெல்லப் பச்சை ஓடிய நீலமாக மாறும். பிறகு அசிட்டோனில் கழுவுங்கள். மண்ணுக்குள் போகாத அவுரி நீங்கிவிடும். கழுவிய நீர்மம் தெளியாமல் வந்துகொண்டே இருந்தால் அவுரி அதிகம் போட்டுவிட்டீர்கள்.

கேள்வி: பொடியாக இருக்கும்போது மின்னும் அல்ட்ராமரைன், எண்ணெயில் குழைத்ததும் கறுத்துப்போவது ஏன்?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அதன் ஒளிவிலகல் எண் 1.5, ஆளிவிதை எண்ணெய்க்கு 1.48. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் துகளின் ஓரத்தில் ஒளி சிதறுவதில்லை. உள்ளே போய் விழுங்கப்படுகிறது. கொஞ்சம் வெள்ளை சேர்த்தால் உயிர் வரும். பிரெஞ்சு ஓவியர் ஈவ் க்ளைன், வண்ண வணிகர் எதுவார் அதாமின் உதவியோடு, சீக்கிரம் ஆவியாகும் கரைப்பானில் செயற்கைப் பிசினைக் கரைத்துப் பயன்படுத்தினார். பிசின் துகளை மூழ்கடிக்காமல் ஒட்ட மட்டும் செய்வதால் பொடியின் தோற்றம் நிலைத்தது. அந்தப் பரப்பில் விரல் பட்டால் தடம் போகாது என்பது அதற்கான விலை.

கேள்வி: ‘இன்மின் நீலம்’ என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறதாமே, வாங்கலாமா?
— வாசகர், சென்னை

பதில்: உங்கள் ஊரில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற மாஸ் சுப்பிரமணியனின் குழு 2009-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டது அது. மின்னணுப் பொருள் தேடி இட்ரியம், இண்டியம், மாங்கனீசு ஆக்சைடுகளை 1200 டிகிரியில் சுட்டார்கள். உலையிலிருந்து வந்தது நீலம். ஐந்து ஆக்சிஜன் சூழ்ந்த அபூர்வ இடத்தில் மாங்கனீசு உட்காருவதுதான் காரணம். அமிலம், வெயில், சூடு எதற்கும் மங்குவதில்லை. அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதால் கூரைப் பூச்சுக்கும் ஏற்றது. ஆனால் இண்டியம் விலை அதிகம். பயிற்சிப் படத்துக்கு அது வீண்செலவு.

கேள்வி: ஒரே ‘கோபால்ட் நீலம்’ ஒரு நிறுவனத்தில் மலிவு, இன்னொன்றில் பலமடங்கு விலை. எதை நம்புவது?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பெயரை விட்டுவிட்டு, குழாயின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் குறியீட்டைப் பாருங்கள். பி.பி. (பிக்மென்ட் புளூ) 28 என்றால் அசல் கோபால்ட், 1802-இல் பிரெஞ்சு வேதியியலர் தெனார் செய்த அதே அலுமினேட். பி.பி. 29 அல்ட்ராமரைன், 27 பிரஷ்யன், 35 செருலியன், 15 தாலோ. பெயருக்குப் பின்னால் ‘ஹியூ’ என்று ஒட்டியிருந்தால் 29-ஐயோ 15-ஐயோ வெள்ளையோடு கலந்து நிறத்தை மட்டும் ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அது மோசடி அல்ல, விலைக்கேற்ற பொருள்.

தாலோ 1928-இல் ஸ்காட்லாந்துச் சாய ஆலையில் தற்செயலாகக் கிடைத்து, 1935-இல் விற்பனைக்கு வந்தது. அமிலம், காரம், வெயில் மூன்றையும் தாங்கும், விலையும் குறைவு. ஒரே தொல்லை அதன் வீரியம். மற்ற வண்ணத்தில் தாலோவைக் கடுகளவு சேருங்கள். தாலோவில் மற்றதைச் சேர்க்கப் போனால் தட்டு நிறைந்த பின்னும் தாலோதான் இருக்கும். தூரிகையை அன்றே சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் தீட்டும் மஞ்சளில் பச்சை ஓடும்.